கையால் பேசக் கூடாது என்று சொன்னவள் நான்

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள்: தலைமை ஆசிரியரும் நானும். படப்பையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். எனக்கு இருபத்து மூன்று வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறைய இருந்த வயது.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஓர் அம்மா தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நிறுத்தினார். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"டீச்சர், இத்த இஸ்கூல்ல சேத்துக்கோ. ஏழு வயசு ஆவுது. சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல. அவ்ளோ திமிரு. நீ ரெண்டு வச்சாலும் நான் இன்னான்னு கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் பிரியமாகப் பேசுகிறவர்கள் 'நீ' என்றுதான் பேசுவார்கள். கடைசிவரை அவருக்கு நான் 'நீ'தான்.

தலைமை ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "இது பேசாத புள்ளையாச்சேம்மா. நான் வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

"பேசும் சார். அதுக்குப் பேச மனசு வர்ல, அவ்ளோதான். காதெல்லாம் நல்லா கேக்குது. அவங்க அப்பா சைக்கிள் தெருமுனையில வரும்போதே வாசலுக்கு ஓடிடும். காது கேக்காமயா ஓடுது?"

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுகிறவர் வாயை விட்டு அடுத்தவர் வாய்க்கு அந்தக் கண்கள் தாவிய வேகம் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் ஓங்கித் தட்டினேன். வகுப்பே துள்ளியது. அவள் அசையவில்லை.

"பாத்தியா திமிர?" என்றார் அம்மா.

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா பக்கத்துக் கல் குவாரியில், கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தார். அவர் வரும் நேரம். பெண் வாசலில் கூழாங்கற்களை வைத்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. சட்டென்று நாயின் காது நிமிர்ந்தது. அது எழுந்து தெருமுனையைப் பார்த்தது. அவள் கற்களைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகுதான் சைக்கிள் மணி எங்கள் காதில் விழுந்தது.

"கேட்டுச்சு பாத்தியா?" என்று அம்மா வெற்றியோடு திரும்பினார்.

"நாளைக்கு இந்த நாயைக் கொல்லையில கட்டி வையுங்கம்மா. அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

அடுத்த நாளும் போனேன். நாய் கொல்லையில் கிடந்து குரைத்தது. சைக்கிள் தெருமுனை திரும்பியது, வாசலுக்கே வந்தது. அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மணியை விடாமல் அடித்தார். அவள் ஐந்தாவது கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அடிப்பாவி! இத்தினி வருசமா நாயி காதாலயாடி கேட்டுகினு இருந்த?" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எத்தினி தபா அடிச்சிருக்கேன் டீச்சர். புள்ளைக்கு எதுக்கு அடி வாங்கறோம்னே தெரிஞ்சிருக்காதே" என்றார். அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தலையிலும் தோளிலும் வெள்ளையாகக் கல் தூசி. போய் நாயை அவிழ்த்துவிட்டு வந்தார்.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களைச் சென்னையில் காது கேளாத பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டியிருந்தார்கள். அந்த ஒரு நாளில் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த எல்லாமும். அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதிலோடு ஒரு விண்ணப்பம் வந்தது. காது சோதித்த சான்று, பிறந்த தேதிக்கு அத்தாட்சி, வருமானச் சான்று, தகப்பனார் கையெழுத்து. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த 'இவ்வளவுதானே' எட்டு மாதம் எடுத்துக்கொண்டது.

பிறந்த தேதியே முதலில் மாட்டிக்கொண்டது. வீட்டில் பிறந்த குழந்தை, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் பதிவேட்டில் பெயரே இல்லை.

"ஏரி உடைஞ்ச வருசம் சாமி. வேர்க்கடலை புடுங்கிகினு இருக்கசொல்ல நோவு எடுத்திச்சு" என்றார் அம்மா.

கர்ணம் பேனாவை மூடினார். "கடலை புடுங்கின அன்னிக்குன்னு சர்க்கார் காயிதத்துல எழுத முடியாதும்மா."

வெளியே வந்து நடக்கும்போது அம்மாவே வழி கண்டுபிடித்தார். "எதிர் வூட்டுப் பையன் இது பொறக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி பொறந்தான் டீச்சர். ரெண்டு பேருக்கும் ஒரே மருத்துவச்சிதான். அவன் உங்கிட்ட தானே படிக்கிறான்?" அவன் இரண்டாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பவன். அவன் தேதி பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. மூன்றைக் கூட்டினோம். மருத்துவச்சி வந்து கைநாட்டு வைத்தார். கர்ணமும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

காது சோதனைக்குத் தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினோம். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறை. அவள் தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் மரமணிகளைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும் என்று செய்து காட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பொத்தானை அழுத்தினார். ஒரு மணி விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"குழந்தைக்கு நல்லா கேக்குதேம்மா" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. மாதக்கணக்கில் அலைய வைத்தாயே என்ற கோபம், ஒருவேளை உண்மையோ என்ற ஆசை, எல்லாம் அதில் இருந்தது. நான் பொத்தான்காரரையே கவனித்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அவருடைய இடது புருவம் லேசாக ஏறி இறங்கியது.

"சார், அவளைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைக்கிறீங்களா?"

திருப்பியதும் மணிகள் அவள் உள்ளங்கையிலேயே இருந்தன. அவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில்தான் ஒரே ஒரு மணி விழுந்தது. அம்மா பெருமூச்சு விட்டு, என் காதருகில் சொன்னார்: "நாய வுட்டுட்டு இப்ப ஆளப் புடிச்சிகினா பாரு!" துக்கத்தைவிட அந்தக் குரலில் பெருமைதான் அதிகம்.

எல்லாம் சேர்ந்தது. அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் பேனாவைக் கையில் வாங்கவே இல்லை.

"ஆஸ்டல்லயா வுடணும்?" என்று கேட்டார். நான் படிப்பு, எதிர்காலம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. வற்புறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே பள்ளிக்கு வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். எங்கள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு லீவு போட்டு, சென்னைக்குத் தனியாகப் போய் அந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"உள்ள வுடல டீச்சர். காம்பவுண்டு செவுத்துகிட்ட நின்னு பாத்தேன். வெளையாட வுட்டிருந்தாங்க. ரெண்டு பொண்ணுங்க சண்டை போட்டுகினு இருந்திச்சுங்க. கையாலயே! இன்னா வேகம்! கிரஷர் ஓடசொல்ல நாங்ககூடக் கையாலதான் பேசிப்போம், சத்தத்துல ஒண்ணும் கேக்காதில்ல? ஆனா இதுங்க பேச்சுக்கு முன்னாடி நாங்கல்லாம் கைக்கொழந்தைங்க." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "பேனா குடுங்க."

ஜூன் மாதம் பள்ளியில் சேர்த்தோம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியை கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். கண்டிப்பானவர், குழந்தைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஒரு வகுப்பைக் காட்டினார். ஆசிரியை தன் தொண்டையில் ஒரு குழந்தையின் கையை வைத்து 'ம்ம்மா' என்றார். மெழுகுவர்த்தியின் முன்னால் 'ப' சொன்னால் சுடர் ஆடியது. அம்மா கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்," என்றார் தலைமையாசிரியை. "லீவுக்கு வரும்போது வீட்டில் யாரும் கை ஜாடை செய்யக் கூடாது. முகத்துக்கு நேராக, வாயால்தான் பேச வேண்டும். ஜாடை பழகினால் பேச்சு வராது." அந்தக் காலத்தில் அங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவுக்கு அதையே மூன்று தடவை சொன்னேன்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. "ஒரு தபாகூடத் திரும்பிப் பாக்கல டீச்சர்" என்றார். உண்மைதான். ஹாஸ்டல் வாசலில் பெரிய பெண் ஒருத்தி இவளைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். இவள் ஒரு நொடி திகைத்தாள். அம்மாவின் கையை விட்டாள். ஓடினாள். அவ்வளவுதான். அம்மா தாம்பரம்வரை அழுதார். வண்டலூர் தாண்டியதும், "கொழுப்பு பாரு அதுக்கு" என்று சிரித்தார்.

தீபாவளி லீவுக்கு அவள் வந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை வைக்கும்போதே ஒரு புதுக் குரல். "ம்மா... ம்மா." கட்டையாக, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல். உள்ளே எட்டிப் பார்த்தால் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து நான்கு கைகளாலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது? கையால பேசக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனே!" என்றேன். ஆசிரியைக் குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "குந்து டீச்சர்" என்றார். "நீ சொன்ன மாதிரி மொத நாள் பூராக் கையக் கட்டிகினுதான் இருந்தேன். வாய வாய அசைச்சேன். அது என் மொவத்தையே பாத்துகினு இருந்திச்சு. ராத்திரி சோறு துன்னசொல்ல என் கையப் புடிச்சிப் பிரிச்சி வுட்டிச்சு. கையப் பேச வுடுன்ற மாதிரி. ஏழு வருசமா நான் பேசிகினே இருந்தேன் டீச்சர். அது ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்ல. இப்பதான் சொல்லுது. நான் கேக்க வாணாமா?"

பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னார். ஹாஸ்டலில் பெரிய பெண்களிடம் கற்ற கைப்பேச்சில் அவள் வீட்டில் கேட்ட முதல் கேள்வி ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன் விற்ற குட்டி. அப்போது அவள் நாள் கணக்காகத் தெருத்தெருவாகச் சுற்றியதையும், சாப்பிடாமல் அடம் பிடித்ததையும், அதற்கு அடி வாங்கியதையும் அம்மா மறந்தே போயிருந்தார். அவள் மறக்கவில்லை. குட்டி எங்கே? அன்றைக்கு நான் கயிற்றை அவிழ்த்து விளையாடினேனே, அதனால் ஓடிப்போய்விட்டதா?

"இல்லடி கண்ணு, வித்துட்டோம், ஒரு ஆளு வந்து வாங்கிகினு போனான்னு காட்டினேன். கயிறு, ஆளு, துட்டு, எல்லாம் கையால காட்டினேன். அப்பிடியான்னு கேட்டிச்சு. உன் மேல தப்பு இல்லன்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு வெளையாட ஓடிடிச்சு டீச்சர். ரெண்டு வருசமா மனசுல வச்சிகினு இருந்திருக்குது."

நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். "எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றேன்.

அப்படித்தான் இருபத்து நான்கு வயதில் நான் மாணவி ஆனேன். ரொம்ப மோசமான மாணவி. சாப்பிட்டாயா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, குளித்தாயா என்றே பல நாள் அவளிடம் கேட்டிருக்கிறேன். அவளும் ஆமாம் என்று மரியாதையாகத் தலையாட்டிவந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஈரத் தலையோடு வந்து என் முன்னால் கூந்தலை விரித்துக் காட்டினாள். அவளுடைய அப்பாதான் வீட்டில் வேகமாகக் கற்றவர். வாயால் நாளுக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், மகளோடு கையால் வம்பளப்பதை அக்கம்பக்கத்தார் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஹாஸ்டல் வழக்கப்படி அவள் எல்லாருக்கும் கையாலேயே ஒரு பெயர் வைத்தாள். அம்மாவுக்கு, மூக்கின் இரு பக்கமும் விரலால் ஒரு தொடல். அப்பாவுக்கு, தோளில் தூசி தட்டுவது. எனக்கு, மூக்கில் இறங்கும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. அன்றுவரை நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

சேதி அம்மா மூலமாகத்தான் பரவியது. பஸ் ஸ்டாண்டில், கடலைக் கொல்லையில், சந்தையில், எங்கே போனாலும் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நான்கு வயதுப் பையனோடு என்னைத் தேடி வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து கண் தெரியாத பெண்ணோடு ஒரு தகப்பன். தலைமை ஆசிரியர், "ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவைத் திறந்து வச்சிக்கோங்கம்மா" என்று சாவியைக் கொடுத்தார். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்தான். இப்போது அவரே கடிதங்களுக்கு முகவரி எழுதிக் கொடுத்தார்.

நான் விண்ணப்பம் நிரப்புவேன். எந்தச் சான்று எங்கே, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸில் எந்த ஜன்னல், ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குச் சீட்டு, இதெல்லாம் என் பங்கு. வந்தவர்கள் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அம்மா பக்கம்தான் நகர்ந்து உட்காருவார்கள்.

"காயிதத்தப் பத்தி டீச்சர் சொல்லும். மத்தத நான் சொல்றேன்" என்று தொடங்குவார். "மொதல்ல இத்தச் சொல்லுங்க. உங்க வூட்டுல நாய் கீதா?"

அந்தச் சிங்கப்பெருமாள் கோவில் மனைவி, பையன்கள் பள்ளி ஹாஸ்டலில் விட்டால் பிள்ளை தன்னை மறந்துவிடுமே என்று அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மறக்காது. திரும்பிப் பாக்காமப் போவும், அது வேற. வரசொல்ல பத்து மடங்கு பேச்சோட வரும். நீ கேக்க ரெடியா இரு, போதும்."

இப்படியே வருடங்கள் போயின. அவள் எட்டாம் வகுப்பு முடித்த ஆண்டு, அந்தப் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். கைத்தையலில் அவளுக்கு முதல் பரிசு. பெற்றோர் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தலைமையாசிரியை அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். மைக்கைக் கொடுத்தார்கள். அதை ஒரு தடவை பார்த்தார். கீழே வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். மைக்கைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்திப் பேச ஆரம்பித்தார்.

கூடத்தில் ஓர் அலை எழுந்தது போல இருந்தது. பின்வரிசைப் பெண்கள் பெஞ்சு மேல் ஏறினார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிறிய பெண்கள் கைகளைக் காற்றில் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். மேடையில் இருந்த விருந்தினர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார் அவர்?"

அம்மா கையால் சொன்னது இதுதான்: ஆஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடித் தேடி உங்கள் கண் கெட்டுப்போகும். காது போனது போதாதா? லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வேர்க்கடலை அவித்துப் போடுகிறேன்.

"எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க மேடம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். "நன்றிக்கா இவ்வளவு சிரிப்பு?" என்றார். அந்தக் கண்டிப்பான உதட்டோரம் லேசாக அசைந்தது. கையால் பேசியதற்கு அம்மாவை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

விழா முடிந்து விட்ட லீவின் இரண்டாம் நாள் மாலை, நான் வீடு திரும்பப் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரில் தாம்பரத்திலிருந்து வந்து நின்ற பஸ்ஸில் ஒரே கலவரம். கண்டக்டர் படியில் நின்று, "யாரும்மா இந்தப் பொண்ணுங்கள கூட்டிகினு வந்தது? எந்த ஸ்டாப்பு இதுங்களுக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நான்கு பெண்கள். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரைச் சட்டையே செய்யாமல் ஏதோ பெரிய விவாதத்தில் இருந்தார்கள். பரிசளிப்பு விழாவில் பின்வரிசைப் பெஞ்சு மேல் ஏறியவர்கள்! அதில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் தோளில் தட்டி என்னைக் காட்டினாள். ஒருத்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மூக்கின் இரு பக்கமும் தொட்டு, எங்கே என்று கேட்டாள்.

நானும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஊர் நிறுத்தத்தில் இறங்கி, நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியை அப்படியே வைத்தார்.

"ஐயையோ டீச்சர், மெய்யாலுமே வந்துடிச்சுங்களா!" என்றவர், திரும்பி உள்ளே பார்த்து, "தே, கொல்லையில போயி கடலை புடுங்கிகினு வா, சீக்கிரம்!" என்று கணவரிடம் கத்தினார்.

அவர் ஏற்கெனவே எழுந்து கூடையைத் தேடிக்கொண்டிருந்தார்.